பந்தாட்டம் கற்பித்த பள்ளி ஆசிரியர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கம்பனைப் பற்றிப் பேசவும் வள்ளுவரைப் பற்றிப் பேசவும் நம் சங்கத்தில் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளின் நடுவே காலம் கழிக்கும் என் போன்றவனுக்கு அத்துறையில் நுழையத் துணிவில்லை. ஆகவே செயலாளர் அவர்கள், விளையாட்டைப் பற்றி ஏதேனும் பேசுங்கள் என்று பணித்தபோது மகிழ்ச்சியோடு உடன்பட்டேன். இளமை முதல் எனக்குக் கால்பந்தாட்டத்தில் தீராத பற்று உண்டு. ஆடியதைவிடக் கண்டு களித்ததே மிகுதி என்பதை என் உடலமைப்பைப் பார்த்தே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

நம் கிட்வாய் நகரில் மாலை வேளையில் பந்து உதைக்கும் சிறுவர்களைப் பாருங்கள். பத்துப் பேரில் நால்வரேனும் நீலமும் வெள்ளையும் கோடிட்ட அர்ஜென்டினா நாட்டுச் சட்டையை அணிந்திருப்பார்கள். 2022ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் அந்த அணி உலகக் கோப்பையை வென்றதுமுதல் இது இன்னும் பெருகிவிட்டது. மெஸ்ஸியின் பெயரை அறியாத குழந்தை இல்லை. அந்த அணியைப் பயிற்றுவித்த ஸ்கலோனியின் பெயரையும் சிலர் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவில் பயிற்சியாளருக்கு அத்துணை மதிப்பு. உருகுவே என்றொரு சிறு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம். நம் டில்லியின் ஒரு மூலையில் அடங்கிவிடக் கூடிய தொகை. அந்நாட்டு அணியை 1988 முதல் 1990 வரையும், மீண்டும் 2006 முதல் 2021 வரையும் பயிற்றுவித்தவர் ஆஸ்கார் டபாரெஸ் என்பவர். அவர் ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2010 உலகக் கோப்பையில் அந்தச் சிறு நாட்டை நான்காம் இடத்துக்கும், 2011இல் தென் அமெரிக்கக் கண்டத்தின் கோப்பைக்கும் இட்டுச் சென்றார். அந்நாட்டு மக்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதைவிட ‘ஆசிரியர்’ என்றே மரியாதையுடன் அழைத்து வந்தனர்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு எண்ணம் உண்டாயிற்று. இப்படி ஒரு பள்ளி ஆசிரியர் நமக்கும் இருந்தாரே! டபாரெஸ் பிறப்பதற்கு முன்னரே பந்தும் விசிலுமாக மைதானத்தில் நின்றவராயிற்றே! அவரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அவர்தாம் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்.

2024ஆம் ஆண்டில் ‘மைதான்’ என்னும் ஹிந்தித் திரைப்படம் வந்ததன் பயனாகச் சிலர் அப்பெயரை அறிந்திருக்கலாம். படம் படமாகத்தான் இருக்கும். கதைக்கு வேண்டிய உப்பும் புளியும் சேர்த்துத்தான் பரிமாறுவார்கள். அதை நான் குறை கூற வரவில்லை. ஆனால் அந்த மனிதரின் வரலாற்றில் தமிழர்களாகிய நமக்கு, அதிலும் ஊர்விட்டு ஊர் வந்து பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, சொந்தமான பகுதி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி பிறந்தவர். உஸ்மானியா சர்வகலாசாலைப் பட்டதாரி. ஹைதராபாத்துப் பள்ளிகளில் ஆசிரியர் தொழில் புரிந்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் பட்டயம் பெற்றார். கல்லூரி நாட்களிலும் அதற்குப் பின்னும் உள்ளூர்க் குழுக்களில் பந்தாடினார் என்றாலும், நாடறிந்த ஆட்டக்காரர் அல்லர். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடத் தெரிந்தவர் அனைவரும் பாட்டு வாத்தியார் ஆகிவிட முடியாது. தான் எப்படிப் பாடுகிறோம் என்பதைப் பிறருக்குப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அது தனிக் கலை. ரஹீமிடம் இருந்தது அந்தக் கலை.

1943இல் அவர் ஹைதராபாத் கால்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அதன்பின் நடந்ததைப் பந்தாட்ட உலகம் வியப்புடன் பார்த்தது. பம்பாயில் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியை அந்தப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை இடைவிடாமல் ஐந்து முறை வென்றது. கல்கத்தாவின் பெருங்குழுக்களுக்குப் பணம் இருந்தது, கூட்டம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. ஹைதராபாத்துப் போலீசாருக்கு இருந்தது இந்த ஆசிரியர் ஒருவரே.

நம் டில்லிக்கும் அவர் கதையில் முதன்மையான இடம் உண்டு. 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கேதான் நடைபெற்றன. இந்தியா கேட் அருகே, இன்று தியான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கும் நேஷனல் ஸ்டேடியத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. குடியரசு தினத்துக்குப் போகும்போதும் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித்தரப் போகும்போதும் கண்ணில் படும் இடந்தான். அங்கே இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் மும்மூன்று கோல்களால் வென்ற இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை எதிர்த்து நின்றது. மேவாலால் அடித்த ஒரே கோலால் தங்கப் பதக்கம் நமக்குக் கிடைத்தது. அணித் தலைவர் சைலேன் மன்னா, பயிற்சியாளர் ரஹீம். அடுத்த முறை அவ்வழியே பேருந்தில் செல்லும்போது பிள்ளைகளுக்கு அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள்.

தங்கம் வென்ற மறு ஆண்டே தலைகுனிவும் வந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. பத்து கோல்கள்! வடதுருவத்தை அடுத்த நாடு, குளிர்ந்த தரை, நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்காலால் ஆடுவது நம் நாட்டுக்கு ஒரு பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்று தோற்றபோது அந்நாட்டு மக்களே கைதட்டினர். அந்தக் கைதட்டலே நமக்குக் கேடாயிற்று என்பது என் சொந்த அபிப்பிராயம். தோல்விக்குக் கிடைத்த பாராட்டைப் போல் மயக்கம் தருவது வேறில்லை. ஹெல்சிங்கியில் அந்த மயக்கம் தெளிந்தது. அதன் பிறகே அகில இந்தியக் கால்பந்தாட்டச் சம்மேளனம், ஆட்டக்காரர்கள் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று விதித்தது.

பூட்ஸ் அணிந்தால் மட்டும் போதுமா? ஆட்டமே மாற வேண்டும் என்பதை ரஹீம் உணர்ந்தார். நம் நாட்டு ஆட்டக்காரருக்குப் பந்து காலில் கிடைத்தால் அதைப் பிறருக்குக் கொடுக்க மனம் வராது. ஒருவரை ஏமாற்றி, இருவரை ஏமாற்றி, மூன்றாமவரிடம் பறிகொடுத்துவிட்டு நிற்பார்; ஆனாலும் கூட்டம் கைதட்டும். இந்தப் பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஆகவே அவர் ஹைதராபாத்தில் புதுமையான போட்டிகளை ஏற்படுத்தினார். ஒரு போட்டியில், பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடுதல் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும். இன்னொரு போட்டியில், பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலக்காலில் வல்லவன் இடக்காலாலும், இடக்காலில் வல்லவன் வலக்காலாலும் ஆடவேண்டும். உயரம் குறைந்த சிறுவர்களுக்கென்று தனிப் போட்டியும் வைத்தார். வளர்ந்த பையன்களின் தோளிடியில் சிக்காமல் சிறியவர்களும் ஆட்ட நுட்பம் பழக வேண்டும் என்பதற்காக.

எண்ணிப் பாருங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டுமா? அயல்நாட்டு நிபுணர் வேண்டுமா? ஒரு பந்தும் ஒரு மைதானமும் ஒரு விதியும் போதும். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொன்ன பழைய வாத்தியார்களின் முறைதான் இது. தெரிந்ததையே செய்து மகிழும் பையனைத் தெரியாததன் எதிரில் கொண்டுபோய் நிறுத்துவது. முதல் நாள் இடக்கால் சொன்னபடி கேட்காது, பந்து எங்கோ போகும், பார்ப்பவர் சிரிப்பர். சில மாதங்கள் சென்ற பின் எதிராளிக்கு எந்தக் காலைத் தடுப்பது என்று தெரியாமல் போய்விடும்.

ஆட்ட வரிசையிலும் அவர் காலத்தை ஒட்டிச் சென்றார். ஹங்கேரி நாட்டார் தம் நடு முன்வரிசைக்காரரைப் பின்தள்ளி நிறுத்தி ஆடிய புது முறையைக் கவனித்து அதை நம்மவர்க்குக் கற்பித்தார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்று நிற்கும் அமைப்பு 1958இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது உலகெங்கும் பேசப்பட்டது. அக்காலத்திலேயே அம்முறையை இந்தியாவில் பழக்கியவர் ரஹீம். தென் அமெரிக்காவில் பிறந்திருந்தால் இதற்காகவே அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

பயன் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை அந்நாட்டு மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவது கோலை அடித்தவர் கிருஷ்ணசாமி. ‘கிட்டு’ என்றால்தான் அன்றைய ரசிகர்களுக்குத் தெரியும். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் நமக்குப் பத்து கோல் போட்ட அதே நாடு. முதல் கோலை நாம் அடித்தோம்! பின்னர் அவர்கள் நான்கு அடித்து வென்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் பந்தாட்டத்தில் இன்றுவரை இந்தியா அதைத் தாண்டியதில்லை.

இனி நம்மவர்களின் கதைக்கு வருகிறேன். ஹைதராபாத்தை ஒட்டிய செகந்தராபாத் ஒரு ராணுவக் குடியிருப்பு நகரம். வெள்ளையர் காலத்தில் பட்டாளத்தோடு பட்டாளமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே சென்று குடியேறின. சிப்பாய்களாக, குமாஸ்தாக்களாக, சமையற்காரர்களாக, தொழிலாளிகளாகச் சென்றவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதும், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தன அவர்கள் பிள்ளைகள். இந்தப் படம் உங்களுக்கு எங்கேயோ பார்த்ததுபோல் தோன்றவில்லையா? தெலுங்குக்குப் பதில் பஞ்சாபியை வைத்துக்கொண்டால் நம் வீடுகள்தான்.

அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று அம்முகூடா என்னும் சிற்றூரில் இருந்தது. அதில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். தாயார் பெயர் முத்தம்மா. வறிய குடும்பம். பையனின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகூடாவிலிருந்து அந்த மைதானம் நெடுந்தொலைவு. நாள்தோறும் போய்வரப் பையன் கையில் காசில்லை. ரஹீம் மிதிவண்டி வாடகைக்குப் பணம் கொடுத்து அவரை வரவழைத்தார். உருது பேசும் ஒரு முஸ்லிம் ஆசிரியர், தமிழ் பேசும் ஒரு ஏழைப் பையன். நடுவில் ஒரு வாடகைச் சைக்கிள். அந்தப் பையன் 1956இல் சந்தோஷ் கோப்பையை வென்ற ஹைதராபாத் அணியில் ஆடினார். அதே ஆண்டு மெல்போர்னுக்கும் சென்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் அவரே. சூனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் என்று மூவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வது இந்தியப் பந்தாட்டத்தில் வழக்கமாகிவிட்டது.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் படைவீரராகச் சேர்ந்தார். முதலில் அவர் ஆடியது முன்வரிசையில், கோல் அடிக்கும் இடத்தில்! பிறகே கோல் காப்பாளராக மாறினார். நெடிய உருவம், நீண்ட கரங்கள். 1955இலும் 1958இலும் மதராஸ் ரெஜிமெண்ட் குழு டூரண்டு கோப்பையை வென்றது. அக்கோப்பை அந்நாட்களில் நம் டில்லியில்தான் நடைபெற்று வந்தது என்பதையும், இப்போது கல்கத்தாவுக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ரோம் ஒலிம்பிக் அணியில் தங்கராஜும் பலராமும் மட்டுமல்ல, தர்மலிங்கம் கண்ணனும் சைமன் சுந்தரராஜும் இருந்தனர். சுந்தரராஜ் பின்னாளில் தாமே பயிற்சியாளராகி, 1973இல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார். இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி தோற்கடித்தது ரயில்வே அணியை. ரயில்வே ஊழியன் என்ற முறையில் அதற்காக நான் வருந்த வேண்டியவன். தமிழன் என்ற முறையில் மகிழ வேண்டியவன். இரண்டையும் செய்துவிட்டேன்.

ரயில்வே என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேற்சொன்ன பி. கே. பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே ஊழியர். கல்கத்தா லீக் பட்டத்தை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெருங்குழுக்களே மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1958இல் அதை ஈஸ்டர்ன் ரயில்வே தட்டிச் சென்றது. அதன் பின்னர் அம்மூவர் அல்லாத ஒரு குழு அதை வெல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மன்னிக்கவும், எங்கள் இலாகாவின் பெருமையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ரோமில் நாம் ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஹங்கேரி வெண்கலப் பதக்கம் பெற்ற அணி. பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். தென் அமெரிக்காவின் பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ‘அக்காலத்தில் ஆசியாவில் போட்டியில்லை, அதனால் வென்றார்கள்’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மூன்று ஆட்டங்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவுக்கு இப்போது உங்களை அழைத்துச் செல்கிறேன். ஆசிய விளையாட்டுப் போட்டிகள். இஸ்ரேல், தைவான் ஆகிய நாட்டு வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்தது. இந்தியாவின் சார்பில் இருந்த ஜி. டி. சோந்தி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். உடனே அந்நகரத்து மக்களின் கோபமெல்லாம் இந்தியர் மீது திரும்பிற்று. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் மைதானத்தில் இறங்கினால் கூட்டம் கூச்சலிட்டது. இத்தகைய சூழலில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோற்றோம்.

ரஹீம் கலங்கவில்லை. தாய்லாந்தை நான்குக்கு ஒன்று, ஜப்பானை இரண்டுக்குச் சுழி என்று வென்றோம். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் பின்வரிசைத் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. எந்தப் பயிற்சியாளரும் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை அழைத்து முன்வரிசையில், நடுவில் நிறுத்தினார். தையல் போட்ட தலையோடு ஜர்னைல் அரையிறுதியில் தென் வியத்நாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார்; சூனி இரண்டு அடித்தார்; மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். இறுதி ஆட்டத்தில் எதிரி மீண்டும் அதே தென் கொரியா.

இங்கே ஆசிரியர் இன்னொரு முடிவு எடுத்தார். அதுவரை பிரத்யுத் பர்மன் கோலைக் காத்து வந்தார், நன்றாகவே காத்தார். தங்கராஜ் நோயுற்று ஒதுங்கியிருந்தவர். கொரியர்கள் பந்தை உயர உயரத் தூக்கி அடிப்பவர்கள் என்பதை முதல் ஆட்டத்தில் கண்ட ரஹீம், இறுதி ஆட்டத்துக்கு நெட்டையரான தங்கராஜை நிறுத்தினார். வென்ற குழுவை மாற்றுவது எளிய காரியமா? தோற்றிருந்தால் அந்த ஒரு முடிவுக்காகவே அவரை ஊர் தூற்றியிருக்கும். முந்திய இரவு அவர் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கமாக இருக்கட்டும் என்ற கருத்தில் சில சொற்கள் மட்டுமே சொன்னார் என்று அவரிடம் ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

1962 செப்டம்பர் 4. ஏறத்தாழ லட்சம் பேர் நிறைந்த அரங்கு. அத்தனை பேரும் நமக்கு எதிராகக் கூவுகிறார்கள். முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கூச்சல் அடங்கிற்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு மேல் தங்கராஜ் இடம் கொடுக்கவில்லை. வங்காளி தலைவர், சீக்கியர் ஒரு கோல், ரயில்வேக்காரர் ஒரு கோல், வாசலில் தமிழர், இடப்புறத்தில் அம்முகூடாப் பையன், வெளியே கவலையோடு நின்ற ஹைதராபாத்து ஆசிரியர். அந்த அணியில் யார் யாருக்கு எந்த மொழியில் பேசினார்கள் என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

ஒன்பது மாதங்களே கழிந்தன. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோயிற்று. வயது 53. பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருது ஏற்பட்டது 1985இல்தான். 1970இல் பாங்காக்கில் வெண்கலம் ஒன்று கிடைத்தது; அணித் தலைவர் நயீமுதீனும் ஹைதராபாத்துக்காரரே. அதன்பின் ஆசிய விளையாட்டில் நம் பந்தாட்டக்காரர்களுக்குப் பதக்கமே இல்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக் வாசலையும் மிதிக்கவில்லை. காரணங்கள் பல சொல்வார்கள். ஒன்றை மட்டும் நான் சொல்வேன். ரஹீம் ஆட்டக்காரர்களை உண்டாக்கியதைப் போல் ரஹீம்களை உண்டாக்க நாடு ஏற்பாடு செய்யவில்லை. அவர் அறிந்ததெல்லாம் அவருடைய மாணவர்களின் கால்களில் இருந்தது, கால்களுக்கு வயதாகிவிட்டது. தங்கராஜ் பொகாரோவில் 2008இல் காலமானார். பலராம் எங்கள் ரயில்வேயிலேயே, பி. என். ஆர். குழுவில் பணியாற்றி ஓய்வு பெற்று, கங்கைக் கரையில் உத்தரபாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16இல் மறைந்தார்.

பெற்றோர்கள் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். ‘பந்தாடினால் சோறு கிடைக்குமா?’ என்பீர்கள். கிடைக்கும் என்று மேடையில் நின்று உறுதி கூற எனக்குத் துணிவில்லை. தங்கராஜுக்குப் பட்டாளமும் பலராமுக்கு ரயில்வேயும் சோறு போட்டன. இன்றும் ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. ஆனால் அவை மிகச் சில. எல்லாப் பிள்ளைகளையும் பலராம் ஆக்கிவிடலாம் என்ற கனவும் எனக்கில்லை. நான் கேட்பது வேறு. பையனோ பெண்ணோ மாலையில் ஒரு மணி நேரம் டியூஷனுக்குப் போகாமல் தரையில் ஓடினால் வீட்டில் புயல் வீச வேண்டாம். அண்டை வீட்டுப் பஞ்சாபியோ வங்காளியோ மலையாளியோ நம் பிள்ளைக்கு ஏதேனும் கற்றுக்கொடுக்க முன்வந்தால், நம்மவரா என்று விசாரிக்க வேண்டாம். அம்முகூடாவில் முத்தம்மா விசாரித்திருந்தால் இன்று எனக்குப் பேசப் பொருள் இருந்திராது.

கடைசியாக நம் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவையொட்டி நாம் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் எலுமிச்சம்பழமும் கரண்டியும், நாற்காலிப் போட்டி, கோலப் போட்டி எல்லாம் இருக்கின்றன. அடுத்த ஆண்டு அவற்றோடு ஒரு பந்தாட்டமும் சேர்க்க வேண்டுகிறேன். ரஹீம் வகுத்த விதிப்படி: பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்று. அவர்களுடைய தந்தையருக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று. பந்து நான் வாங்கித் தருகிறேன். விசில் ஊதுவதற்கும் நானே வருகிறேன். ஆடச் சொன்னால் மட்டும் என் இடக்கால் ஒத்துழைக்குமா என்பதை அன்று பார்த்துக்கொள்ளலாம்.